குடத்தில் போடாத ஓலை

சீட்டுக் குலுக்கிப் போடுவதில் நமக்கு ஒரு நம்பிக்கையும் உண்டு; ஓர் இளக்காரமும் உண்டு. பாகப் பிரிவினையில் எந்த வயல் யாருக்கு என்று அண்ணன் தம்பிகளுக்குள் தகராறு முற்றினால், ஊர்ப் பெரியவர் ஒருவர் காகிதத் துண்டுகளில் எழுதிச் சுருட்டித் தாம்பாளத்தில் போடுவார். வாசலில் விளையாடிக் கொண்டிருக்கும் குழந்தையைக் கூப்பிட்டு ஒன்றை எடுக்கச் சொல்வார். குழந்தை எடுத்துக் கொடுத்ததை யாரும் மறுத்துப் பேசுவதில்லை. பெண்ணுக்கு இரண்டு வரன் வந்து மனம் இரண்டுபட்டால் சுவாமி சந்நிதியில் பூக்கட்டி வைத்துப் பார்க்கிறோம். அப்படிப்பட்ட நாமே, ஒருவன் யோசிக்காமல் ஒரு காரியத்தைச் செய்துவிட்டால், "என்ன, சீட்டுப் போட்டா முடிவு பண்ணினாய்?" என்று கேலியும் செய்கிறோம்.

என் பேரன் மருத்துவக் கல்லூரியில் படிக்கிறான். சென்ற மாதம் விடுமுறைக்கு வந்தவன், ஒரு நாள் மாலை புத்தகத்தை மடியில் கவிழ்த்து வைத்துக்கொண்டு என்னைக் கேட்டான்.

"தாத்தா, நூற்றேழு நோயாளிகள். எல்லாருக்கும் நுரையீரலில் க்ஷயம். மருந்து இருக்கிறது. சீட்டுப் போட்டு ஐம்பத்தைந்து பேருக்குக் கொடுக்கிறார்கள். ஐம்பத்திரண்டு பேருக்குக் கொடுக்கவில்லை. இது பாவம் இல்லையா?"

எனக்கு எண்பத்தைந்து வயது தாண்டிவிட்டது. இந்தக் கேள்விக்கு உடனே பதில் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. கேள்வி அவன் புத்தகத்திலிருந்து வந்தது. ஆனால் அது எங்கள் வீட்டுக் கூடத்தில் எழுபத்தைந்து ஆண்டுகளாக உட்கார்ந்திருக்கிற கேள்வி. அன்றிரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் அவன் படித்த கதையைச் சொல்லிவிடுகிறேன். நுரையீரல் க்ஷயத்தைக் கண்டுபிடிக்கும் வித்தை படிப்படியாக வளர்ந்தது. 1816ஆம் ஆண்டு பாரிஸ் நகரத்தில் லென்னக் என்ற டாக்டர் காகிதத்தைக் குழலாகச் சுருட்டி நோயாளியின் மார்பில் வைத்துக் கேட்டார், ஸ்டெதாஸ்கோப் பிறந்தது. அந்த லென்னக்கே பத்து ஆண்டுகளில் க்ஷயத்தால் மாண்டார். 1882ஆம் ஆண்டு மார்ச் 24 அன்று பெர்லினில் ராபர்ட் காக், இந்த நோய்க்குக் காரணம் ஒரு கிருமி என்று காட்டினார். 1895இல் எக்ஸ்ரே வந்தது. ஆக, மார்பைத் தட்டிக் கேட்டும், கோழையைப் பூதக்கண்ணாடியில் பார்த்தும், நெஞ்சைப் படம் பிடித்தும் நோயை நிச்சயமாகச் சொல்ல முடிந்தது. சொல்லிவிட்டு என்ன செய்வது என்பதுதான் தெரியவில்லை. பாலும் முட்டையும் மீன் எண்ணெயும் கொடுத்தார்கள். மலைக் காற்றில் படுக்கவைத்தார்கள். விலாவில் ஊசி குத்திக் காற்றை ஏற்றி, கெட்டுப்போன நுரையீரலைச் சுருங்கச் செய்து ஓய்வு கொடுத்தார்கள். தங்கச் சத்துள்ள ஊசிகூடப் போட்டார்கள்.

கடைசியில், 1943இல் அமெரிக்காவில் வாக்ஸ்மன் என்ற பேராசிரியரின் ஆய்வுக் கூடத்தில், ஆல்பெர்ட் ஷாட்ஸ் என்ற மாணவர் மண்ணில் வாழும் நுண்ணுயிர் ஒன்றிலிருந்து ஸ்ட்ரெப்டோமைசினைப் பிரித்தெடுத்தார். சோதனைக் குழாயில் அது க்ஷயக் கிருமியைக் கொன்றது. மனித உடம்பில் என்ன செய்யும்? யுத்தம் முடிந்து வறுமைப்பட்டிருந்த பிரிட்டனிடம் அந்த மருந்தை வேண்டிய அளவு வாங்க டாலர் இல்லை. வந்தது கொஞ்சம்; காத்திருந்தவர்கள் ஏராளம்.

அப்போது பிராட்ஃபோர்ட் ஹில் என்ற புள்ளியியல் அறிஞர் ஒரு வழி சொன்னார். அவரே இளமையில், முதல் உலக யுத்தத்தின்போது, க்ஷயம் கண்டு படுத்தவர். அதனால் டாக்டர் படிப்பைக் கைவிட்டவர். மூளைச் சவ்வைத் தாக்கும் க்ஷயத்துக்கும், உடம்பெங்கும் பொரிபோலப் பரவும் க்ஷயத்துக்கும் சீட்டு இல்லை. அந்த நோயாளிகள் தப்பியதே இல்லை என்பதால் அவர்களுக்கு முதலில் மருந்து. மிச்சமிருப்பதைக் கொண்டுதான் சோதனை. பதினைந்து வயது முதல் முப்பது வயதுக்குள், இரண்டு நுரையீரலும் தீவிரமாகக் கெட்டு, வேறு சிகிச்சைக்கு இடமில்லாதவர்களை மட்டுமே எடுத்தார்கள். தகுதி நிச்சயமான பிறகு ஒட்டிய உறை ஒன்றைப் பிரிப்பார்கள். உள்ளே 'மருந்து' என்றிருக்கும். அல்லது 'படுக்கை ஓய்வு' என்றிருக்கும். இன்னாருக்கு எது என்று டாக்டருக்கும் முன்கூட்டித் தெரியாது. எக்ஸ்ரே படங்களைப் பார்த்து மதிப்பிட்டவர்களுக்கும் எந்தப் படம் எந்தப் பிரிவு என்று தெரியாது.

ஆறு மாதத்தில் மருந்து பெற்ற 55 பேரில் 4 பேர் இறந்தார்கள். பெறாத 52 பேரில் 14 பேர் இறந்தார்கள். இந்த முடிவு 1948ஆம் ஆண்டு அக்டோபர் 30 அன்று பிரிட்டிஷ் மருத்துவப் பத்திரிகையில் வெளிவந்தது.

தமிழ் எழுதுகிறவன் அந்தத் தேதியைப் படிக்கும்போது அதற்கு நான்கு மாதம் முந்திய இன்னொரு தேதியை நினைக்காமல் இருக்க முடியாது. 1948 ஜூன் 30. அன்றுதான் புதுமைப்பித்தன் திருவனந்தபுரத்தில் இதே நோயால் இறந்தார். வயது நாற்பத்திரண்டு.

இனி எங்கள் வீட்டுக் கதை.

காவிரிக் கரையில் ஒரு சிறு ஊர். அப்பா ஆரம்பப் பள்ளி ஆசிரியர். அண்ணன் தாலுகா ஆபீஸில் குமாஸ்தா. இருபத்து நாலு வயது. கல்யாணமாகி, மடியில் ஆறு மாதக் குழந்தை. அப்பாவின் அக்கா, என் அத்தை, பதினாறு வயதில் கணவனை இழந்து எங்கள் வீட்டுக்கு வந்தவள். வந்த நாள் முதல் அடுப்படி அவளுடையது. எல்லோரும் சாப்பிட்டு எழுந்த பிறகு மிச்சமிருப்பதைப் போட்டுக்கொண்டு சாப்பிடுவாள். எனக்கு அவளைக் கடைசியாகச் சாப்பிடுகிறவளாகத்தான் நினைவிருக்கிறது.

1949ஆம் ஆண்டு ஐப்பசியில் அண்ணன் ஒரு விடியற்காலை கிணற்றடியில் இரத்தம் துப்பினான். வீடு அலறியது. டவுனிலிருந்து டாக்டர் வண்டியில் வந்தார். அண்ணனின் முதுகைத் தட்டிப் பார்த்தார். ஸ்டெதாஸ்கோப்பை நகர்த்தி நகர்த்திக் கேட்டார். கேட்டுக்கொண்டிருந்தவர் திடீரென்று குழாயைக் காதிலிருந்து எடுத்தார்.

"உள்ளே இருமுகிறது யார்?"

அப்பா ஒன்றும் புரியாதவர்போல விழித்தார். இரண்டு ஆண்டாக அத்தை இருமிக் கொண்டிருந்தாள். அடுப்புப் புகையில் இருமுகிறாள் என்று வீட்டில் முடிவாகியிருந்தது. கஷாயம் வைத்துக் குடித்தாள். திப்பிலியைத் தேனில் குழைத்துச் சாப்பிட்டாள். எலும்பும் தோலுமாக ஆனபோது, "விரதம் அதிகம்" என்றார்கள். டாக்டர் கேட்ட பிறகுதான் அந்த இருமல் எங்கள் காதில் விழுந்தது.

இருவருடைய கோழையிலும் கிருமி இருந்தது. யாரிடமிருந்து யாருக்கு வந்தது என்று யாரால் சொல்ல முடியும்? ஆனால் வீட்டில் அதையும் ஒரு நாளில் முடிவு செய்துவிட்டார்கள்.

புதிய ஊசி ஒன்று வந்திருக்கிறது என்றும், தினம் ஒரு குப்பி வீதம் இரண்டு மூன்று மாதம் போட வேண்டுமென்றும், விலை அதிகம் என்றும் டாக்டர் சொன்னார். அம்மாவின் வளையல்களும் அப்பாவின் பங்கில் இருந்த கொஞ்ச நிலமும் போயின. வந்த பணம் ஒருவருக்குத்தான் காணும்.

அன்றிரவு கூடத்தில் நடந்ததை நான் தூணுக்குப் பின்னாலிருந்து பார்த்தேன். அப்பா வாயைத் திறக்கவே இல்லை. அத்தைதான் சமையலறை வாசற்படியில் நின்று சொன்னாள்: "தம்பி, இதிலே யோசிக்க என்ன இருக்கு? பச்சைக் குழந்தைக்காரன். அவனுக்குப் போடு. எனக்கு எதுக்கு?"

அப்பா தலையைக் குனிந்துகொண்டார். அத்துடன் முடிந்தது.

அண்ணனுக்குக் கூடத்தில் ஜன்னலோரம் கட்டில். கம்பவுண்டர் தினம் சைக்கிளில் வந்து ஊசியை வெந்நீரில் கொதிக்கவைத்துப் போடுவார். அத்தைக்குக் கொல்லையில் மாட்டுக் கொட்டகையை ஒட்டித் தடுப்புக் கட்டி ஓர் இடம். ஒரு தட்டு, ஓர் அலுமினியத் தம்ளர், சாம்பல் போட்ட கொட்டாங்கச்சி. சாதத்தைக் கொண்டுபோய் எட்ட வைத்துவிட்டு வரும் வேலை எனக்கு. பெரியவர்கள் போனால் பேச்சுக் கொடுக்க வேண்டியிருக்குமே! சிறுவன் என்றால் வைத்துவிட்டு ஓடி வந்துவிடலாம்.

அண்ணன் தேறினான். தலைசுற்றலும் காது இரைச்சலும் இருந்தன. ஆனால் ஜுரம் விட்டது, பசி வந்தது, கன்னம் பூரித்தது. சித்திரையில் ஆபீஸுக்குப் போக ஆரம்பித்தான். ஆடி மாதத்தில் ஒரு நாள் நான் வைத்த சாதம் வைத்தபடியே இருந்தது. அத்தை போய்விட்டாள். "மகராசி, தன் உயிரைக் கொடுத்து அவனைக் காப்பாற்றினாள்" என்று துக்கத்துக்கு வந்தவர்கள் சொன்னார்கள். எங்கள் குடும்பத்தில் இன்றைக்கும் அப்படித்தான் சொல்கிறார்கள்.

ஆனால் அடுத்த மழைக்காலத்தில் அண்ணன் மறுபடி இரத்தம் துப்பினான். மறுபடி கடன் வாங்கி அதே ஊசியைப் போட்டார்கள். இந்தத் தடவை அது தண்ணீராகப் போயிற்று. தை பிறக்கும் முன்பு அவனும் போய்விட்டான். விதி என்றார்கள். அத்தையின் சாபம் என்று ஒரு கிழவி சொன்னாள். அம்மா அவளை வீட்டு வாசல் மிதிக்க விடவில்லை.

அது விதியும் இல்லை, சாபமும் இல்லை என்பதைப் பேரன் கொண்டுவந்த புத்தகம் எனக்குச் சொல்லிற்று. பிரிட்டனில் மருந்து பெற்ற அந்த 55 பேரையும் ஐந்து ஆண்டு தொடர்ந்து கவனித்தார்கள். 32 பேர் இறந்திருந்தார்கள். மருந்து பெறாத 52 பேரில் இறந்தவர்கள் 35 பேர். முதல் ஆறு மாதத்தில் கண்ட பெரிய வித்தியாசம் ஏறக்குறையக் கரைந்துபோயிற்று! காரணம், ஸ்ட்ரெப்டோமைசினைத் தனியாகக் கொடுத்தால் பெரும்பாலான கிருமிகள் சாகும். சாகாமல் தப்பிய சில கிருமிகள் பெருகும். அவற்றை அந்த மருந்து பிறகு ஒன்றும் செய்யாது. அண்ணனுக்கு நடந்ததும் இதுவாகத்தான் இருக்க வேண்டும். கணக்காகப் பார்த்த காரணத்தால் இந்த மோசம் அவர்களுக்கு விரைவில் தெரிந்தது. பி.ஏ.எஸ். என்ற இன்னொரு மருந்தையும் சேர்த்துக் கொடுத்துப் பார்த்தார்கள். கிருமி பழகிப்போவது பெருமளவு நின்றது. 1952இல் ஐசோனியாசிட் வந்தது. க்ஷயம் தீரக்கூடிய நோயாயிற்று.

இப்போது கேள்விக்கு வருவோம். சீட்டுப் போட்டு மருந்து கொடுத்தது பாவமா?

பாவம் என்பவர்களின் கட்சி பலமானது. மனிதனுக்குப் பகுத்தறிவு எதற்காக இருக்கிறது? யாருக்கு அதிகத் தேவை, யாரை நம்பி எத்தனை உயிர் இருக்கிறது, யார் பிழைக்கக்கூடியவர் என்றெல்லாம் சீர்தூக்கிப் பார்ப்பதுதானே பொறுப்பு? அதைத் துறந்து ஓர் உறையிடம் விடுவது கோழைத்தனம் அல்லவா? என் அப்பா அந்தப் பொறுப்பை ஏற்றார். அவருடைய காரணங்களில் ஒன்றைக்கூடத் தவறென்று என்னால் தள்ள முடியவில்லை. அண்ணன் இளையவன், சம்பாதிக்கிறவன், குழந்தையின் தகப்பன். எந்தப் பஞ்சாயத்திலும் அவர் பக்கமே தீர்ப்பு வரும்.

ஆனால் பாருங்கள், எந்தப் பஞ்சாயத்திலும் தீர்ப்பு அந்தப் பக்கமேதான் வரும் என்பதுதான் என்னை உறுத்துகிறது. பால் போதாதபோதும் அவளுக்கில்லை. துணி போதாதபோதும் அவளுக்கில்லை. டாக்டர் வந்தபோதும் முதலில் அவளுக்கில்லை. ஒவ்வொரு தடவையும் தகுந்த காரணம் இருந்தது. நல்ல காரணங்களே வரிசையாக நின்று ஒரு மனுஷியை மாட்டுக் கொட்டகைவரை தள்ளிக்கொண்டு போயின.

மேலும், காரணம் என்று நாம் சொல்வதில் அறிவு எவ்வளவு, ஆசை எவ்வளவு என்று யார் பிரித்துச் சொல்வது? தங்க ஊசியின் கதையைக் கேளுங்கள். 1920களில் டென்மார்க்கிலிருந்து வந்த அந்த ஊசியைப் பெரிய பெரிய டாக்டர்கள் நம்பினார்கள். 1931இல் அமெரிக்காவில் ஆம்பர்சன் என்ற டாக்டரும் அவருடைய தோழர்களும் ஒரு சோதனையின் முடிவை வெளியிட்டார்கள். நோயாளிகளைப் பன்னிரண்டு பன்னிரண்டு பேராக இரண்டு பிரிவு செய்து, எந்தப் பிரிவுக்குத் தங்க ஊசி என்பதைக் காசைச் சுண்டிப் போட்டு முடிவு செய்திருந்தார்கள். ஊசியால் நன்மையில்லை, கெடுதல்தான் என்று தெரிந்தது. அதுவரை யோசித்து யோசித்து, தகுதி பார்த்துப் பார்த்து, வேண்டியவர்களுக்கெல்லாம் முதலில் கெடுதலைத்தான் வழங்கிக் கொண்டிருந்தார்கள்! அந்தக் காசு ஒன்றும் ஞானி அல்ல. ஆனால் தனக்குத் தெரியாததைத் தெரியும் என்று அது சொல்லவில்லை.

ஆகவே என் முடிவு இதுதான். அறிவு எட்டுகிற தூரம்வரை அறிவால் நடக்க வேண்டும். மூளைச் சவ்வில் நோய் கண்டவர்களுக்கு பிரிட்டனில் சீட்டுப் போடாமல் மருந்து கொடுத்தார்களே, அது அறிவின் வழி. அறிவு நின்றுபோகிற இடத்தில், ஒரே நிலைமையில் இருக்கும் இருவரில் ஒருவனைத் தேர்ந்தெடுக்க வேண்டிய இடத்தில், சீட்டு பாவமில்லை. அது யாருக்கும் இரக்கம் காட்டாது. யாரையும் அவமதிக்கவும் செய்யாது. கிடைக்காதவனைப் பார்த்து, 'நீ குறைந்தவன்' என்று சொல்லாது.

செல்வாக்கு அப்படிச் சொல்லும். ஆங்கில எழுத்தாளர் ஜார்ஜ் ஆர்வெல் நம் பாரதத்தில், மோதிஹாரியில் பிறந்தவர். அவருக்காக 1948இல் அமெரிக்காவிலிருந்து இதே மருந்தை நண்பர் ஒருவர் தருவித்தார். மந்திரியின் அனுமதிவரை போக வேண்டியிருந்தது. மருந்து அவர் உடம்புக்கு ஒத்துக்கொள்ளாமல் தோல் உரிந்து, வாய் புண்ணாகிற்று. மிச்சத்தை வேறு நோயாளிகளுக்கே கொடுத்துவிட்டார். 1950 ஜனவரியில் இறந்தார். அவர்மீது எனக்குக் குறை இல்லை. என் அண்ணனுக்கு ஒரு மந்திரியைத் தெரிந்திருந்தால் நாங்களும் போயிருப்போம்.

சீட்டை நியாயம் என்று சொன்னதும் எனக்கு உத்தரமேரூர் நினைவு வருகிறது. அங்கே முதலாம் பராந்தக சோழன் காலத்தில், 921ஆம் ஆண்டு வாக்கில், கோயில் சுவரில் வெட்டிய கல்வெட்டில் குடவோலை முறை விளக்கமாக இருக்கிறது. ஊர் வாரியத்துக்கு ஆள் எடுக்க, தகுதியுள்ளவர்களின் பெயர்களை ஓலைகளில் எழுதிக் குடத்தில் இடுவார்கள். வயது முப்பத்தைந்துக்கு மேல் எழுபதுக்குள் இருக்க வேண்டும், வரி கட்டும் நிலமும் சொந்த வீடும் இருக்க வேண்டும், கல்வி வேண்டும், கணக்குக் காட்டாமல் ஏய்த்தவனாக இருக்கக்கூடாது. எல்லாம் சரி பார்த்த பிறகு, உள்ளே என்ன இருக்கிறதென்று அறியாத ஒரு சிறு பிள்ளையை விட்டு ஓலையை எடுக்கச் சொல்வார்கள். முதலில் தகுதி, பிறகு சீட்டு. எடுப்பவனுக்கு எதுவும் தெரியக்கூடாது. பிரிட்டனில் ஆயிரம் ஆண்டு கழித்துச் செய்ததும் இந்த முறைதானே!

நாம் இதில் பெருமைப்படலாம், பெருமைப்படுகிறோம். ஆனால் அந்தக் குடத்துக்குள் எத்தனை பேருடைய ஓலை விழுந்தது? நிலமில்லாதவன் ஓலை இல்லை. படிக்காதவன் ஓலை இல்லை. பெண்ணின் ஓலை இல்லவே இல்லை. குடம் குலுக்கியதில் ஒரு வஞ்சகமும் கிடையாது. வஞ்சகம் இருந்தால் அது குலுக்குவதற்கு முன்பே நடந்து முடிந்திருக்கும்.

பிரிட்டிஷ் சோதனையிலும் ஒரு குறை உண்டு. மருந்து கிடைக்காத ஐம்பத்திரண்டு பேருக்கும், தாங்கள் ஒரு சோதனையில் இருக்கிறோம் என்பதே சொல்லப்படவில்லை. வீணாக ஏங்குவார்கள் என்று நினைத்திருக்கலாம். அந்தக் காலத்து வழக்கம் அப்படி என்றும் சொல்லலாம். என்றாலும், பங்கு கிடைக்காதவனுக்குப் பங்கு போட்டார்கள் என்ற விஷயமாவது தெரிய வேண்டாமா? சீட்டில் தோற்கிறவனுக்கு இருக்கிற ஒரே மரியாதை, தன் பெயரும் உள்ளே இருந்தது என்பதுதான். அதைப் பறித்துவிட்டால், அவனைப் பொறுத்தவரை சீட்டே போடவில்லை. இன்று சம்மதம் பெறாமல் இப்படிச் செய்யக்கூடாது என்று நியதி வந்துவிட்டது, நல்லது.

இந்தக் கதையில் சென்னைக்கும் ஒரு பெரிய பங்கு உண்டு. சேத்துப்பட்டில், 1956இல் சென்னை அரசும், இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலும், உலக சுகாதார ஸ்தாபனமும், பிரிட்டிஷ் மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலும் சேர்ந்து ஒரு நிலையத்தைத் தொடங்கின. வாலஸ் ஃபாக்ஸ் என்ற ஆங்கிலேய டாக்டர் அதை நடத்தினார். இப்போது அது தேசியக் காசநோய் ஆராய்ச்சி நிலையம்.

நாட்டில் நோயாளிகளுக்குக் கணக்கில்லை. சானடோரியப் படுக்கைகளோ சொற்பம். நல்ல சாப்பாடு, நல்ல காற்று, பூரண ஓய்வு, தாதியின் கவனிப்பு இல்லாமல் க்ஷயம் தீராது என்று உலகம் நம்பியது. அப்படியானால் குடிசையில் இருப்பவன் சாக வேண்டியதுதானா? சென்னையின் ஏழை நோயாளிகள் 193 பேரைச் சீட்டு முறையில் பிரித்தார்கள். ஒரு பிரிவு சானடோரியத்துக்கு. இன்னொரு பிரிவு, நெருக்கமான தன் சொந்தக் குடிசைக்கே. இரு பிரிவுக்கும் ஒரே மருந்து: ஐசோனியாசிட்டும் பி.ஏ.எஸ்.ஸும், ஓர் ஆண்டு. முடிவு 1959இல் வெளிவந்தது. சானடோரியத்தில் 100க்கு 92 பேருக்கு நோய் அடங்கியது. வீட்டில் 100க்கு 86 பேருக்கு. வீட்டிலிருந்தவர்கள் சாப்பிட்டது குறைவு, உழைத்தது அதிகம், அப்படியும் இவ்வளவு. அவர்களுடைய குடும்பத்தாரை ஐந்து ஆண்டு கவனித்தார்கள். நோயாளி வீட்டிலேயே இருந்த காரணத்தால் குடும்பத்துக்கு அதிக ஆபத்து வரவில்லை. தொற்று பெரும்பாலும் நோயைக் கண்டுபிடித்து மருந்து தொடங்கும் முன்பே நடந்து முடிந்துவிடுகிறது.

இடையூறுகளும் தெரிந்தன. உடம்பு கொஞ்சம் தேறியதும் பலர் மாத்திரையை நிறுத்திவிடுவார்கள். அதனால் திடீரென்று வீட்டுக்குப் போய் மாத்திரையை எண்ணுவார்கள், சிறுநீரைச் சோதிப்பார்கள். கண்ணெதிரே மருந்தை விழுங்கவைக்கும் முறை பிறகு உலகெங்கும் பரவியதற்குச் சென்னையில் நடந்த சோதனைகள் ஒரு முக்கிய காரணம்.

ஆனால் என் மனத்தைத் தொட்டது வேறு. பிரிட்டிஷ் சீட்டு, கிடைக்காதவனுக்கு என்ன நஷ்டம் என்று காட்டியது. சென்னைச் சீட்டு, படுக்கை கிடைக்காதவனுக்கு அந்தப் படுக்கையே தேவையில்லை என்று காட்டியது! பணக்காரனுக்கு மட்டும் வாய்த்த ஒரு பெரிய வசதியைத் தராசில் வைத்துப் பார்த்தால் எடை அவ்வளவாக இல்லை. கருணையினால் ஆயிரம் சானடோரியம் கட்டியிருந்தாலும் இந்த உண்மை தெரிந்திருக்காது. ஏழையும் குடத்துக்குள் ஓர் ஓலையாக விழுந்ததால் தெரிந்தது.

அறுபதுகளில் ஒரு நாள் இந்தச் செய்தி பத்திரிகையில் வந்திருந்தது. அப்பா அப்போது வேலையிலிருந்து ஓய்வு பெற்றுவிட்டார். திண்ணையில் உட்கார்ந்து இரண்டு தடவை படித்தார். பத்திரிகையை நாலாக மடித்துப் பக்கத்தில் வைத்தார். வெகு நேரம் கழித்து, "அவளைக் கொட்டகையிலே வைத்திருக்க வேண்டாம் போலிருக்கிறதே, அப்பா" என்று என்னிடம் சொன்னார். அவர் வாயால் அத்தையைப் பற்றி நான் கேட்ட கடைசி வார்த்தை அது.

அவர் தம்மைக் குற்றம் சாட்டிக்கொண்டது முழுக்கச் சரியல்ல. மருந்தில்லாத நோயாளியைச் சற்று விலக்கி வைப்பதில் அர்த்தம் இருந்தது. சென்னை முடிவு மருந்து சாப்பிடுகிறவர்களைப் பற்றியது. ஆனால் கூடத்தில் படுத்திருந்த அண்ணனும் தொடக்கத்தில் அதே கிருமியைத்தானே துப்பினான்? அவன் தம்ளரை யாரும் பிரித்து வைக்கவில்லை. நாங்கள் விலக்கியது நோயை மட்டும் அல்ல. அப்பாவுக்கு அது தெரிந்துவிட்டது.

இதையெல்லாம் பேரனிடம் சொன்னேன். அவன் கெட்டிக்காரன். "சரி தாத்தா, சீட்டுப் போட்டு, அது அத்தைப் பாட்டிக்கே விழுந்திருந்தாலும், ஒற்றை மருந்துதானே? அவரும் ஒரு வருஷத்தில் இறந்திருக்கலாம். அப்புறம் என்ன வித்தியாசம்?" என்று கேட்டான்.

உயிர்க் கணக்கில் வித்தியாசம் இல்லாமலே போயிருக்கலாம். ஆனால் 'அவனுக்குப் போடு' என்று அத்தை சொன்னதைத் தியாகம் என்கிறோம். தன் கையில் இருப்பதைக் கொடுத்தால் அது தியாகம். அவள் கையில் எதை வைத்தோம்? நாங்கள் சொல்ல வெட்கப்பட்டதை அவளே சொல்லி எங்கள் வெட்கத்தைப் போக்கினாள். அவளுக்கு ஒரு சீட்டு எழுதி, அது அவளுக்கே விழுந்து, அதை அண்ணனுக்கு அவள் விட்டுக் கொடுத்திருந்தால், அதைத் தியாகம் என்று நானும் சொல்வேன். விட்டுக் கொடுக்காமல், "எனக்கும் பிழைக்க ஆசையாயிருக்கு, தம்பி" என்று சொல்லியிருந்தால்? அதைச் சொல்லும் உரிமையும் அவளுக்கு இருந்திருக்கும்.

இது பழைய கதை என்று வாசகர் நினைக்க வேண்டாம். க்ஷயத்துக்கு இன்று அரசாங்கம் இலவசமாக மருந்து கொடுக்கிறது. சாதாரண நோய் ஆறு மாதத்தில் தீர்கிறது. ஆனால் பழைய மருந்துகளுக்குக் கட்டுப்படாத க்ஷயத்துக்குப் புதிய மாத்திரை 2016இல் நம் நாட்டுக்கு வந்தபோது, அது முதலில் ஆறு இடங்களில்தான் கிடைத்தது. ஓர் இளம்பெண்ணுக்கு, அவள் அந்த ஊர்க்காரி அல்ல என்ற காரணத்தால் மறுத்துவிட்டார்கள் என்று அவள் தகப்பனார் நீதிமன்றம் ஏற வேண்டியிருந்தது. 2021ஆம் ஆண்டு கோடையில், கொரோனாவின் இரண்டாம் அலையில், ஆஸ்பத்திரி வாசல்களில் ஆம்புலன்ஸுகள் வரிசையாக நின்றனவே, அப்போது ஆக்சிஜன் படுக்கைக்கு நாம் என்ன செய்தோம்? டெலிபோனை எடுத்தோம், யாரைத் தெரியும் என்று யோசித்தோம். நானும் எடுத்தேன். தெரிந்தவர் ஒருவர் மூலம் ஒரு படுக்கை கிடைத்தது. என் தம்பி மகன் பிழைத்தான். அந்தப் படுக்கைக்காக அன்று வாசலில் காத்திருந்தவர் யார் என்று நான் கேட்கவில்லை. கேட்காததற்கு என்னிடமும் நல்ல காரணம் இருந்தது.

பேரன் இன்னும் இரண்டு ஆண்டில் டாக்டராகிவிடுவான். அவன் கையிலும் ஒரு நாள் ஒரு படுக்கை இருக்கும். இரண்டு நோயாளிகள் இருப்பார்கள். சீட்டுப் போடு, போடாதே என்று நான் அவனுக்குச் சொல்லப் போவதில்லை. அவன் படிப்பு அதைச் சொல்லும். முதல் நோயாளியின் முதுகில் ஸ்டெதாஸ்கோப்பை வைத்துக்கொண்டிருக்கும்போதே, உள்ளே இருமுகிறது யார் என்று கேட்கும்படி மட்டும் சொன்னேன்.